நாள்காட்டியைப் பார்த்துக் கடலுக்குப் போவோம்: பினாங்கில் மீன், நண்டு, பறவைக்கான தண்ணீர் நேரம்

தூண்டில் பிடிக்கப் புதிதாக ஆசைப்படுகிறவர்கள் கேட்பதெல்லாம் இடத்தைப் பற்றித்தான். பத்து மாவுங் நல்ல இடமா, தெலுக் கும்பாருக்குப் போகலாமா, பாலத்துத் தூண் பக்கம் படகு எடுத்தால் கிடைக்குமா. இடம் வேண்டியதுதான். ஆனால் ஒரே ஜெட்டியில் (படகுத்துறையில்), ஒரே இரையோடு, காலை ஏழு மணிக்கு நின்றவர் வாளியில் மீனோடு வீடு திரும்புவார். பத்து மணிக்கு வந்தவர் வாங்கிய இறாலைத் தண்ணீரில் கரைத்துவிட்டுப் போவார். நடுவில் மாறியது தண்ணீர் மட்டும்தான்.

மீன் எப்போது கரையோரம் வரும், நண்டு எப்போது வளையை விட்டு இரை தேடக் கிளம்பும், வடக்கிலிருந்து வரும் உள்ளான், கோட்டான் போன்ற கரைப்பறவைகள் எப்போது கண்ணுக்கெட்டும் தூரத்தில் இறங்கும் என்ற மூன்று கேள்விக்கும் ஒரே விடை: கடல் ஏறுவதையும் இறங்குவதையும் பார். இதைக் கற்றுக்கொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். தமிழர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். திதி பார்க்கத் தெரிந்தவருக்குக் கடலின் போக்கு ஏற்கெனவே பாதி தெரியும்.

செப்டம்பர் தொடங்கி நவம்பர் முடிய, அதாவது ஆவணியின் பின்பாதியும் புரட்டாசியும் ஐப்பசியும் கார்த்திகையின் முதல் பாதியும், இதைப் படிக்க ஏற்ற காலம். நமக்கு இலையுதிர் காலம் கிடையாது. ஆனால் சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் அப்போது இலை உதிர்கிறது, அங்கிருந்து பறவைகள் தெற்கே கிளம்புகின்றன. இங்கே தென்மேற்குப் பருவக்காற்று மெல்ல ஓய்ந்து, வடகிழக்குக் காற்று வருவதற்கு முந்திய இடைக்காலம். பினாங்கில் ஆண்டிலேயே அதிகமாக மழை கொட்டுவதும் இந்த மாதங்களில்தான்.

தண்ணீர் ஏன் ஏறி இறங்குகிறது

நிலா பூமியை இழுக்கிறது. நிலாவுக்கு நேராக இருக்கும் கடல் அதற்குப் பக்கத்தில் இருப்பதால் அதிகமாக இழுபட்டு மேலே எழும்புகிறது. பூமிக்கு மறுபுறம் இருக்கும் கடல் தூரத்தில் இருப்பதால் குறைவாக இழுபட்டுப் பின்தங்கி, அங்கேயும் ஒரு மேடு உண்டாகிறது. பூமி தன்னைத்தானே சுற்றும்போது நம் கரை இந்த இரண்டு மேட்டையும் கடந்து போகிறது. ஆகையால் பினாங்கில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும்.

அந்த 25 நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலாவும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதனால்தான் ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உச்ச ஏற்றம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதை நெருங்கிவிடும். போன வாரம் இதே நேரம் நல்ல மீன் கிடைத்ததே என்று இந்த வாரம் அதே நேரத்துக்கு வந்து நிற்பவர், போன வாரம் ஏறிய தண்ணீர் இந்த வாரம் இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பார்.

இனி திதி. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றன. சூரியனின் இழுப்பும் நிலாவின் இழுப்பும் ஒன்று சேர்வதால் ஏற்றம் மிக உயரமாகவும் இறக்கம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். இங்குள்ள மீனவர்கள் பேச்சில் இது பெரிய தண்ணீர். அஷ்டமியை ஒட்டி நிலா பாதியாகத் தெரியும் நாள்களில் இரண்டு இழுப்பும் குறுக்கே விழுந்து ஒன்றையொன்று குறைத்துவிடுகின்றன. தண்ணீர் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, சோம்பிக் கிடக்கும். மலாய்க்கார மீனவர்கள் இதை ஆயர் மாத்தி என்பார்கள், நம் ஆட்கள் செத்த தண்ணீர் என்பார்கள். கடல் பெரிது, அதற்கு அசைந்து கொடுக்க நேரம் எடுக்கும். அதனால் பெரிய தண்ணீரும் செத்த தண்ணீரும் திதியன்றே உச்சத்தைத் தொடாமல் ஓரிரு நாள் கழித்துத்தான் தொடும்.

இப்போது பண்டிகைகளை எண்ணிப் பாருங்கள். நவராத்திரி அமாவாசை கழிந்து தொடங்குகிறது. பெரிய தண்ணீரில் கொலு வைத்து, விஜயதசமி வரும்போது தண்ணீர் செத்துக் கிடக்கும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் ஒவ்வொரு தீபாவளியும் பெரிய தண்ணீர்தான். கந்த சஷ்டி விரதத்தின் முதல் நாள் கடல் வேகமாக ஓடும். சூரசம்ஹாரத்தன்று வேகம் தணிந்திருக்கும். சீனர்கள் விளக்குப் பிடித்து நிலாப் பண்டிகை கொண்டாடும் இரவு பௌர்ணமி, அன்றும் பெரிய தண்ணீர். தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயிலில் மாசி மகத்துக்குத் தெப்பம் கடலில் இறங்குவதும் பௌர்ணமியை ஒட்டித்தான். கோயில் பழக்கம் உள்ள குடும்பத்தில் வளர்ந்தவருக்கு இதெல்லாம் மனத்தில் இருக்கும் தேதிகள். கடலோடு சேர்த்துப் பார்ப்பதுதான் புதிது.

செப்டம்பர் மாதத்தில் பகலும் இரவும் சமமாக வரும் நாளை ஒட்டிய அமாவாசை, பௌர்ணமிகளில் பெரிய தண்ணீர் வழக்கத்தை விடவும் பெரிதாக இருக்கும். புரட்டாசியில் கடற்கரைப் படிக்கட்டில் வழக்கமாக நனையாத கல்லும் நனைவது இதனால்தான்.

அட்டவணையை எப்படிப் படிப்பது

திதி நாளைச் சொல்லும், மணியைச் சொல்லாது. மணிக்கு அட்டவணை வேண்டும். அரச மலேசியக் கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராஃபி (கடலளவை) மையம் ஆண்டுதோறும் ஏற்ற இறக்க அட்டவணையை வெளியிடுகிறது. கைப்பேசிச் செயலிகளிலும் கிடைக்கும். பார்க்கும்போது ஊர் பெயரைச் சரிபாருங்கள். கோலாலம்பூர்ச் சொந்தக்காரர் அனுப்பும் கிள்ளான் துறைமுக அட்டவணை பினாங்குக்கு உதவாது. மலாக்கா நீரிணையில் ஏற்றம் இடத்துக்கு இடம் வேறு நேரத்தில் வருகிறது, அளவும் வேறு. பெரிய தண்ணீர் நாளில் கிள்ளானில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் 4 மீட்டர் அளவுக்குப் போகும். பினாங்கில் 2 மீட்டர் அளவுதான். செத்த தண்ணீர் நாளில் நமக்கு அதில் பாதிகூட இருக்காது.

அட்டவணையில் உள்ள உயரம் நீங்கள் நிற்கும் இடத்தின் ஆழம் இல்லை. கடல் மிகத் தாழ்வாக இறங்கும் மட்டத்தை ஒட்டி ஓர் அடிக்கோடு வைத்து, அதற்கு மேல் எவ்வளவு என்று கொடுத்திருப்பார்கள். உங்கள் ஜெட்டியில் எந்த எண்ணுக்கு எந்தப் படி நனைகிறது என்று நீங்களே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு இறக்கம் 0.6 மீட்டர், பகல் 12 மணிக்கு ஏற்றம் 2.6 மீட்டர். ஆறு மணி நேரத்தில் 2 மீட்டர் ஏற வேண்டும். ஆனால் மணிக்கு இவ்வளவு என்று சமமாக ஏறாது. மாலுமிகள் மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக்கி முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2, கடைசியில் 1 என்று கணக்கு வைப்பார்கள். நம் கணக்கில் முதல் மணியில் சுமார் 17 செ.மீ. ஏறும், இரண்டாவதில் 33 செ.மீ., எட்டு முதல் பத்து மணி வரை மணிக்கு 50 செ.மீ. பிறகு மறுபடி மெதுவாகும். ஏற்றமோ இறக்கமோ, நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில்தான் ஓட்டம் வேகம்.

50 செ.மீ. என்பது படித்துறையில் மூன்று படி. சேற்றுக் கரையில் அது வேறு கதை. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைப் பக்கம் பல இடங்களில் கரை மிகச் சாய்வில்லாமல் நீண்டு கிடக்கிறது. 500 மீட்டர் நடந்தால்தான் 1 மீட்டர் தாழும் என்று ஒரு கரையை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 50 செ.மீ. ஏற்றம் ஒரு மணி நேரத்தில் 250 மீட்டர் சேற்றை மூடிவிடும். முழங்கால் வரை புதையும் சேற்றில் அந்த வேகத்துக்கு நடப்பது பெரும்பாடு. நண்டுக்கோ சிப்பிக்கோ சேற்றில் இறங்குகிறவர் இறக்கம் முடிவதற்கு முன்பே இறங்கி, ஏற்றம் தொடங்கியதும் திரும்பிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று நிற்கவே கூடாத இடம் அது.

மீன்

மீன் ஓட்டத்தைப் பின்பற்றுகிறது. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் சேற்றில் புதைந்திருக்கும் புழுவும் சிறு நண்டும் இறாலும் வெளியே வரும். அவற்றைத் தேடிக் கெலாமா, கெளுத்தி, செனாங்கின் எல்லாம் கரையை நோக்கி ஏறும். ஏற்றத்தின் இரண்டாவது மணியிலிருந்து உச்சத்துக்குச் சற்று முன் வரை கரையிலிருந்து போடுவதற்கு நல்ல நேரம். உச்சத்தில் தண்ணீர் நின்றுவிடும். அந்த அரை மணி நேரம் தூண்டில் நுனி அசையாது. ஜெட்டியில் பழகிய ஆள் யாராவது இருந்தால், "தம்பி, தண்ணி நின்னு போச்சு. இப்பப் போட்டு என்ன ஆகப் போகுது, ஒரு டீ குடிச்சிட்டு வா" என்பார். அப்படியே செய்யுங்கள்.

இறக்கம் தொடங்கியதும் இடத்தை மாற்றுங்கள். காயலிலிருந்தும் அலையாத்திக் காட்டு ஓடையிலிருந்தும் தண்ணீர் வடியும்போது உள்ளே போயிருந்த இறாலும் குஞ்சு மீனும் அதோடு வெளியே வந்தாக வேண்டும். அவற்றுக்காகக் கொடுவா ஓடை வாயில் காத்திருக்கும். சந்தையில் சியாக்காப் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டிலும் வாழக்கூடிய மீன் என்பதால் மழையில் ஆற்றுவாய் கலங்கினாலும் கொடுவா நிற்கும். மற்ற பல மீன்கள் உப்பைத் தேடி வெளியே போய்விடும். கொடுவா பெரும்பாலும் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டு கழித்துப் பெண்ணாக மாறும். பெரிய கொடுவாக்கள் அநேகமாக முட்டையிடும் பெண்மீன்கள். தேவைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, மிகப் பெரியது மாட்டினால் திரும்ப விடுவது நம் கரைக்கு நல்லது.

பெரிய தண்ணீர் நாள் எல்லாம் மீனுக்கு நல்ல நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள கால்வாயில் அன்று ஓட்டம் பலமாக இருக்கும். ஈயக்குண்டு தரையில் நிற்காமல் உருளும், தங்கூசி (தூண்டில் நரம்பு) முழுக்கக் குப்பை மாட்டும், தண்ணீர் மண் நிறமாகக் கலங்கும். செத்த தண்ணீரில் எதிர்ப் பிரச்சினை: தெளிவாக இருக்கும், ஓட்டம் இருக்காது, மீன் சோம்பிக் கிடக்கும். கரையிலிருந்து போடும் புதியவருக்கு நடுவில் உள்ள நாள்களைத்தான் நான் சொல்வேன். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த நான்காம், ஐந்தாம் நாள், அல்லது அதற்கு நான்கு நாள் முன்பு. பஞ்சமியும் ஏகாதசியும் அந்த வரிசையில் வரும். கலங்கல் குறைவு, ஓட்டமும் இருக்கும்.

இரைக்கு உயிர் இறால் கிடைத்தால் போதும். சேற்றுக் கரையில் தோண்டி எடுக்கும் பும்புன் புழு கெலாமாவுக்கும் செனாங்கினுக்கும் நன்றாகப் பிடிக்கும். கடையில் கேட்டால் பொட்டலமாகத் தருவார்கள்.

நண்டு

நம் ஊர் நண்டில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று மணல் கலந்த ஆழமில்லாத கடலில் வாழும் பூ நண்டு, கெத்தாம் பூங்ஙா. ஆண் நீலமாக, வெள்ளைப் புள்ளிகளோடு, நீண்ட கொடுக்கோடு இருக்கும். பெண் பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல் நிறம். இன்னொன்று அலையாத்திக் காட்டுச் சேற்றில் வளை தோண்டி வாழும் சேற்று நண்டு, கெத்தாம் நிப்பா. ஓடு கனம், கொடுக்கு தடிமன், விரலை உடைக்கும் வலு உண்டு. மழை பெய்து கடலோரத் தண்ணீரில் உப்புக் குறைந்தால் பூ நண்டு ஆழத்துக்கு நகரும். சேற்று நண்டு அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஆகவே ஐப்பசி மழையில் நண்டுக்குப் போகிறவர் அலையாத்திக் காட்டு ஓடைகளை நம்பலாம். சுங்கை ஆச்சே, நிபோங் திபால் பக்கத்து ஓடைகள், தீவில் பாலிக் புலாவ் பக்கத்து ஆற்றுவாய்கள்.

மீனுக்குச் சொன்னது நண்டுக்குத் தலைகீழ். சேற்று நண்டுக்குப் பெரிய தண்ணீர்தான் வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் தண்ணீர் மரங்களின் வேர்களுக்கு நடுவே வெகுதூரம் உள்ளே போகும். வழக்கமாகக் காய்ந்து கிடக்கும் வளைகளும் நனையும், நண்டு எழுந்து நடமாடும். ஏற்றம் ஓடையில் ஏறும்போது பிந்தூர் போடுவார்கள். இரண்டு மூங்கில் அல்லது பிரம்புக் குச்சியை வில்லாக வளைத்துக் குறுக்கே கட்டி, நான்கு முனையிலும் ஒரு சதுர வலையை இழுத்துப் பிடித்திருக்கும். வலையின் நடுவில் மீன் தலையோ திருக்கைத் துண்டோ கட்டியிருக்கும், மேலே கயிறும் ஒரு மிதவையும். தரையில் படிய விட்டுவிட்டு அடுத்ததைப் போடப் போவார்கள். ஒரு வரிசை போட்டு முடித்து முதலாவதற்குத் திரும்பும்போது நண்டு இரையைப் பிய்த்துக்கொண்டிருக்கும். கயிற்றை மெதுவாக இழுத்து, அது விறைப்பானதும் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் தூக்க வேண்டும். பாதியில் தயங்கினால் நண்டு விளிம்பில் ஏறித் தண்ணீரில் விழுந்துவிடும். நண்டு இரையை விடாமல் கடித்துக்கொண்டே மேலே வருவது, பார்த்தவர்க்கு மறக்காத காட்சி.

வலையிலிருந்து எடுப்பது தனிப் பழக்கம். பின்பக்கத்திலிருந்துதான் கை போக வேண்டும். கடைசிக் கால், துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கும், அதற்கு மேலே ஓட்டின் பின்விளிம்பைப் பெருவிரலாலும் மற்ற விரல்களாலும் அடியோடு சேர்த்துப் பிடித்தால் கொடுக்கு எட்டாது. தைரியம் வராதவர் செருப்புக் காலால் முதுகை லேசாக அழுத்தி நிறுத்தி, ராஃபியா கயிற்றை ஒரு கொடுக்கின் அடியில் கொடுத்து, உடம்போடு மடக்கிச் சுற்றி, அதே கயிற்றை மறு கொடுக்குக்கும் கொண்டுபோய்ப் பின்னால் முடிச்சுப் போடலாம். கட்டிய நண்டை வாளித் தண்ணீரில் மூழ்கடிக்காதீர்கள், காற்றில்லாமல் செத்துவிடும். ஈரச் சாக்கில் போட்டு நிழலில் வைத்தால் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

திருப்பிப் போட்டு அடிவயிற்றைப் பாருங்கள். அங்கே மடிந்திருக்கும் தட்டு ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண். அகலமாக வளைந்து வயிற்றை மூடியிருந்தால் பெண். பெண்ணின் தட்டுக்கு அடியில் பஞ்சு மாதிரி முட்டைத் திரள் ஒட்டியிருந்தால், அது மஞ்சளோ கறுப்போ, அப்படியே கடலில் விட்டுவிடுங்கள். அந்த ஒரு திரளில் இருப்பது பல லட்சம் முட்டை. சந்தையில் பிடித்து விற்கிறார்களே என்று கேட்பவர் உண்டு. விற்பவருக்கு அது வயிற்றுப்பாடு. பொழுதுபோக்காகப் போகும் நமக்கு அந்தக் காரணம் கிடையாது.

சதை இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்தது. நண்டு வளர்வதற்கு ஓட்டைக் கழற்றுகிறது. கழற்றியவுடன் புது ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே தண்ணீர்தான் நிரம்பியிருக்கும். அந்த நண்டின் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருக்கும், கால் சேரும் இடத்தில் பெருவிரலால் அழுத்தினால் நெளியும். சதை கட்டிய நண்டுக்கு அடிப்பக்கம் பழுப்பேறி, ஓட்டில் கறையும் சில சமயம் ஒட்டுச்சிப்பியும் இருக்கும், அழுத்தினால் கல்லாக நிற்கும். பௌர்ணமி நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் நிறைவு என்று நம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரே இரவில் ஒரே ஓடையில் இரண்டு வகையும் ஏறும். நிலாவைப் பார்த்து முடிவு செய்வதை விட ஓட்டை அழுத்திப் பார்ப்பது மேல்.

நீளமாகப் பாம்பு போல மடிந்து விரியும் பூபு நாகா கூண்டை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். சிறிது பெரிது பார்க்காமல் எல்லாவற்றையும் வாரிக்கொள்வதால் மலேசியாவில் அதற்குத் தடை. பிந்தூரில் வேண்டாததை உயிரோடு திரும்ப விடலாம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. சேற்றில் வாணலியைக் கவிழ்த்த வடிவில், நீண்ட வால் குச்சியோடு ஊரும் பெலாங்காஸ் நண்டு இல்லை. அது சிலந்தி இனத்துக்குத்தான் நெருக்கம். அலையாத்திக் காட்டுப் பெலாங்காஸின் உடம்பில் பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு இருக்கலாம், சமைத்தாலும் போகாது. முட்டை ருசிக்கு என்று யார் கொடுத்தாலும் சாப்பிட வேண்டாம்.

பறவைகள், துப்பாக்கி இல்லாமல்

குளிர்நாட்டு விரிகுடாக்களில் இந்தப் பருவம் வாத்து வேட்டைக்குரிய பருவம். அங்கே அதற்கு உரிமம், எண்ணிக்கை, நாள் எல்லாம் வகுத்து வைத்திருக்கிறார்கள். இங்கே கதை வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது சட்டம் 716, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமில்லாமல் சுடுவதையும் கண்ணி வைத்துப் பிடிப்பதையும் குற்றமாக்குகிறது. முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவற்றை வேட்டையாடவே கூடாது. நம் கரைக்கு வரும் வலசைப் பறவைகளைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அந்தப் பார்வையே போதுமான அளவுக்குப் பெரிது.

பார்க்க வேண்டிய இடம் செபராங் பிறையின் வடமேற்குக் கரை, தெலுக் ஆயர் தாவாரிலிருந்து குவாலா மூடா வரை நீளும் சேற்றுவெளி. உலக அளவில் முக்கியமான பறவை வாழிடமாக அறியப்பட்ட இடம் அது. பட்டர்வர்த்தில் இருப்பவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நம்மில் பெரும்பாலோர் ஒரு முறைகூட இதற்காகப் போனதில்லை என்பது எனக்கு வருத்தம். கிழக்கு ஆசியாவையும் ஆஸ்திரேலியாவையும் இணைக்கும் வலசைப் பாதையில் வரும் பறவைகள் இங்கே இறங்கி இரை தின்கின்றன. சில நாள் தங்கி மேலும் தெற்கே போகிறவை உண்டு, பங்குனி வரை இங்கேயே இருப்பவையும் உண்டு. வளைந்த நீண்ட அலகுடைய கோட்டான், நேரான நீண்ட அலகுடைய மூக்கன், சிவப்புக் காலுடைய பவளக்காலி, சிறிய உப்புக்கொத்திகள். கோட்டான் அலகு சேற்றின் ஆழத்திலிருந்து நண்டை இழுக்கும், உப்புக்கொத்தி மேல்பரப்பில் ஓடி ஓடிக் கொத்தும். ஒரே சேற்றை அவை அலகு நீளத்தால் பங்கிட்டுக்கொள்கின்றன. மிகவும் அருகிப்போன நார்ட்மன் பச்சைக்காலியும் சீனக் கொக்கும் இந்தக் கரையில் பதிவாகியிருக்கின்றன. நார்ட்மன் பச்சைக்காலி முட்டையிடுவது ரஷ்யாவின் தூரக்கிழக்கில் மட்டும்.

இதற்கும் தண்ணீர்தான் நேரம் சொல்லும். இறக்கத்தில் போனால் பறவைகள் வெகுதூரத்தில் விளிம்போரம் புள்ளிகளாகத் தெரியும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் அசையாமல் உட்காருங்கள். சேறு மூட மூடத் தண்ணீர் அவற்றைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே வரும். சாதாரணத் தொலைநோக்கியிலேயே கால் நிறம் தெரியும் அளவுக்கு நெருங்கும். பெரிய தண்ணீர் நாளில் சேறு முழுவதும் மூடிவிடுவதால் கூட்டமாக எழுந்து, ஒதுங்க இடம் தேடும். அப்போது அருகே போய் விரட்டாதீர்கள், நாயை அவிழ்த்து விடாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உடம்பில் மிச்சமிருக்கும் கொழுப்பை வீணாக எழுப்பிப் பறக்கவைத்துக் கரைக்கக் கூடாது.

காற்றும் மழையும்

தென்மேற்குக் காற்று அடங்காத செப்டம்பரில் தீவின் மேற்குப் பக்கமும் தெற்கே தெலுக் கும்பார் பக்கமும் அலை அதிகம். அப்போது தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள கால்வாய்ப் பக்கம் அமைதியாக இருக்கும். நவம்பர் கடைசிக்குள் காற்று வடகிழக்காகத் திரும்பிவிட்டால் மேற்குக் கரை அடங்கும்.

இடையில் இரண்டு ஆபத்து. ஒன்று பிற்பகல் இடி. கார்பன் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். முதல் உறுமல் கேட்டதும் கம்பைக் கீழே வைத்துவிட்டு ஜெட்டியை விட்டு உள்ளே போங்கள். இன்னொன்று சுமாத்திராக் காற்று. இரவில் நீரிணையில் திரண்டு, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து வரிசையாக அடிக்கும் புயற்காற்று. வானத்தின் அடியில் கறுத்த கோடு ஒன்று கிடையாக நகர்ந்து வருவது தெரிந்தால், சிறு படகில் இருப்பவர் யோசிக்க நேரமில்லை, கரைக்கு வந்துவிட வேண்டும்.

பெரிய தண்ணீரும் பெருமழையும் ஒரே இரவில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பர் 4, 5 தேதிகளை நம் மாநிலம் மறக்காது. நவம்பர் 4 பௌர்ணமி. கடல் ஏறியிருந்ததால் ஆற்றுத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ஊருக்குள் நின்றது. இந்த மாதங்களில் வானிலைத் துறையின் எச்சரிக்கையையும் திதியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் மோசமாக இருந்தால் ஆற்றுவாய்க்குப் போகும் திட்டத்தைத் தள்ளிப் போடுங்கள்.

கடைசியாக, முதல் தடவை போகிறவர் கையோடு ஒரு தெர்மாஸ் சுடுதண்ணீர் எடுத்துப் போகட்டும், டீக்கு மட்டுமில்லை. சேற்றுக் கரையில் மாட்டும் செம்பிலாங் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று நச்சு முள் உண்டு. திருக்கைக்கு வாலில் முள். குத்திவிட்டால் வலி தோள் வரை ஏறும். பச்சைத் தண்ணீர் கலந்து, தோல் வெந்துபோகாத அளவுக்குச் சூடாக, ஏறக்குறைய 45 டிகிரியில் குத்திய இடத்தை முக்கி வையுங்கள். குத்தாத கையால் சூட்டைச் சோதித்துவிட்டு முக்குங்கள். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை, ஆறும்போது சூடு சேர்த்துக்கொண்டே வைத்தால் வலி குறையும். முள் முறிந்து உள்ளே தங்கியிருந்தாலோ, மூச்சு முட்டினாலோ, வீக்கம் ஏறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். செம்பிலாங்கைத் தூண்டிலிலிருந்து கையால் கழற்ற வேண்டாம். குறடு இல்லையென்றால் தங்கூசியை வெட்டிவிட்டு மீனை விட்டுவிடுங்கள்.